புகையிலையும் புதுப்புகையும்

யாழ்ப்பாணக் குடாநாட்டின் பொருளியல் வரலாற்றை எழுதப் புகுவார் எவரும் பனையையும் புகையிலையையும் விடுத்து எழுதுதல் இயலாது. பனை இம்மண்ணின் பழங்குடி. புகையிலை கடல் கடந்து வந்தது. 1492 ஆம் ஆண்டிற் கொலம்பசு அமெரிக்கத் தீவுகளை அடைவதற்கு முன்னர் ஆசியாவில் அதனை அறிந்தார் எவருமிலர். கள்ளுண்ணாமைக்கு ஓர் அதிகாரம் வகுத்த வள்ளுவர் புகையிலையைக் குறித்து யாதும் கூறாமைக்குக் காரணமும் இதுவேயாம். ஐரோப்பியர் கலங்களில் வந்திறங்கிய இச்செடி ஒல்லாந்தர் ஆட்சிக்காலத்திலேயே குடாநாட்டின் தலையாய வாணிகப் பயிர்களுள் ஒன்றாயிற்று.

செம்மண்ணும் கிணற்று நீரும் வாய்ந்த தோட்டங்களில் மாரிமழை ஓய்ந்தபின் கன்று நட்டு, துலா மிதித்து நீர் இறைத்து, ஆடு மாடுகளைப் பட்டியடைத்து எருவூட்டி, கமக்காரர் இப்பயிரை வளர்த்தனர். வெட்டிய இலையைக் குடிலிலே தூக்கித் தென்னம் பொச்சின் புகையூட்டிப் பதப்படுத்தினர். ஒரு பகுதி வாய்ப்புகையிலையாகத் திருவிதாங்கூருக்கு ஏற்றுமதியாயிற்று. ‘ஜாப்பாணம் புகையில’ என்ற பெயர் மலையாள நாட்டில் இன்றும் வழங்குகின்றது. மற்றொரு பகுதி சுருட்டாகச் சுற்றப்பட்டுத் தென்னிலங்கையின் கடைகளை நாடிச் சென்றது. திருவிதாங்கூர் வாணிகம் தீர்வையினால் நலிந்தகாலை, 1930களில், மலையாளப் புகையிலையை விற்பதற்கெனக் கூட்டுறவுச் சங்கம் ஒன்றையும் விளைவிப்போர் அமைத்தனர். புகையிலை விற்ற பணத்திற் பிள்ளைகளைப் படிப்பித்த குடும்பங்கள் இங்குப் பலவாம். ஆகவே, இக்குடாநாட்டிற் புகையிலையின் தீமையைப் பேச முற்படுவார் அதன் பயனையும் நினைந்தே பேசுதல் முறையாகும்.

புகையிலையில் நஞ்சு உண்டென்பதை அறிவியலாளர் வந்து உணர்த்தும்வரை கமக்காரர் அறியாதிருந்தனர் என்று கொள்ளற்க. புகையிலையை ஊறவைத்த நீரைப் பயிர்களுக்குத் தெளித்துப் பூச்சிகளைக் கொல்லும் வழக்கம் பழையது. அந்த நஞ்சின் பெயர் நிக்கொற்றின் என்பது. 1560 ஆம் ஆண்டளவிற் போர்த்துக்கலிலிருந்து பிரான்சு தேசத்து அரசவைக்குப் புகையிலையை அனுப்பிய தூதர் சான் நிக்கோ என்பாரின் பெயரால் அச்செடியும், செடியின் பெயரால் அந்நஞ்சும் பெயர் பெற்றன. 1828 ஆம் ஆண்டில் யேர்மனியின் ஐடல்பேர்க் நகரிற் பொசெல்ற், றைமான் என்னும் இருவர் அதனைத் தனியே பிரித்தெடுத்தனர். செடியின் வேரிலே இஃது ஆக்கப்பட்டு இலைக்கு ஏறுகின்றது; இலையைத் தின்ன வரும் பூச்சியினின்று செடியைக் காப்பதே இதன் தொழில். பூ முகிழ்க்கும் நுனியைக் கிள்ளி விடுதலால் இலை தடிப்பதோடு அதிலுள்ள நிக்கொற்றினும் மிகுகின்றது. ‘காரம்’ ஏறிய புகையிலை என்று விளைவிப்போர் மதித்து விலை கூறியது பெரும்பாலும் இதனையே எனலாம்.

பூச்சியைக் கொல்லும் இப்பொருள் மனிதனைப் பிணிக்கும் வகை வேறு. உள்ளிழுத்த புகையிலிருந்து நிக்கொற்றின் நுரையீரல் வழியாகக் குருதியிற் கலந்து இருபது செக்கனுக்குள் மூளையை அடைகின்றது. நரம்புகள் தம்முட் செய்தி பரிமாறுதற்கென அமைந்த வாயில்களில் அது சென்று பொருந்தி, தோப்பமின் என்னும் இன்பந்தரும் பொருளைச் சுரக்கச் செய்கின்றது. சிறிது நேரத்தில் அவ்வின்பம் வடிந்துவிட, மூளை மீண்டும் அதனை வேண்டுகின்றது. நாள்தோறும் இவ்வாறு நிகழுமாயின் அவ்வாயில்கள் எண்ணிக்கையிற் பெருகி, நிக்கொற்றின் இல்லாத பொழுது எரிச்சலும் அமைதியின்மையும் தோன்றும். புகைப்பவர் பின்னர்ப் புகைப்பது இன்பத்தை நாடியன்று, அத்துன்பத்தைத் தவிர்த்தற்பொருட்டேயாம். பழக்கம் என்று உலகம் எளிதாகக் கூறுவதன் உள்ளமைப்பு இதுவாகும்.

எனினும், புகைப்பவரை மிகுதியாகக் கொல்வது நிக்கொற்றின் அன்று, புகையே. இவ்வேறுபாட்டை மனத்திற் கொள்ளாதார்க்கு இன்றைய விவாதம் விளங்காது. இலை எரியும்பொழுது ஏழாயிரத்துக்கு மேற்பட்ட இரசாயனப் பொருள்கள் பிறக்கின்றன. அவற்றுள் எழுபதேனும் புற்றுநோயை விளைப்பன. காபனோரொட்சைட்டு குருதியின் ஒட்சிசனைக் கவர்கின்றது. தார் நுரையீரலிற் படிகின்றது. 1950 ஆம் ஆண்டில் இங்கிலாந்திலே டொல், ஹில் என்போரும், அமெரிக்காவிலே வைண்டர், கிரகாம் என்போரும் புகைத்தலுக்கும் நுரையீரற் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பைக் கணக்கிட்டு வெளியிட்டனர். 1962 இல் இலண்டன் றோயல் வைத்தியக் கல்லூரியின் அறிக்கையும், 1964 சனவரியில் அமெரிக்கத் தலைமைச் சுகாதார அதிகாரியின் அறிக்கையும் அதனை உறுதிப்படுத்தின. புகையிலையால் உலகில் ஆண்டுதோறும் எழுபது இலட்சத்துக்கு மேற்பட்டோர் இறக்கின்றனர் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணிப்பு.

எரிக்காது மென்றால் தீங்கில்லை என்பதும் தவறு. வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு, புகையிலை என்னும் கூட்டு வாய்ப்புற்றுநோய்க்குக் காரணமாவதைப் புற்றுநோய் ஆராய்ச்சிக்கான அனைத்துலக நிறுவனம் நெடுநாள் முன்னரே கண்டறிந்தது. புகையிலை சேராத வெற்றிலைபாக்கும் அவ்வாறே தீங்கு பயக்குமென 2004 இல் வெளியான அதன் நூல் உரைத்தது. இலங்கை ஆடவரிடையே மிகுதியாகக் காணப்படும் புற்றுநோய் வாய்ப்புற்றுநோய் என்பதை எண்ணுமிடத்து, வீட்டுத் திண்ணையில் இருக்கும் வெற்றிலைத் தட்டமும் இவ்வாராய்ச்சிக்குப் புறம்பாகாது என்பது தெளிவு.

நிற்க. இத்தீமையைக் கட்டுப்படுத்துவதில் இலங்கை பிற நாடுகளுக்குப் பின்தங்கியதன்று. புகையிலைக் கட்டுப்பாடு பற்றிய உலக உடன்படிக்கை 2003 ஆம் ஆண்டு மே மாதத்தில் நிறைவேறிற்று; அவ்வாண்டிலேயே அதனை ஏற்று உறுதிசெய்து, உலக சுகாதார நிறுவனத்தின் தென்கிழக்காசியப் பிராந்தியத்தில் முதல் நாடாக இலங்கை நின்றது. 2006 ஆம் ஆண்டின் 27 ஆம் இலக்கச் சட்டம், புகையிலை மற்றும் மதுசாரம் மீதான தேசிய அதிகாரசபையை நிறுவியது. 21 வயதுக்குக் குறைந்தோருக்குப் புகையிலைப் பொருள் விற்பதை அச்சட்டம் தடுத்தது, விளம்பரத்தை ஒழித்தது, பொது இடங்களிற் புகைத்தலைக் குற்றமாக்கியது. சிகரெற்றுப் பெட்டியில் நோயின் படங்களைப் பொறிக்குமாறு 2012 இல் ஒழுங்குவிதி பிறந்தபோது சிகரெற்றுக் கம்பனி நீதிமன்றத்தை நாடிற்று. வழக்கின் பின்னர், 2015 ஆம் ஆண்டின் 3 ஆம் இலக்கத் திருத்தச் சட்டத்தின் வாயிலாகப் பாராளுமன்றம் பெட்டியின் பரப்பில் 80 வீதத்தை எச்சரிக்கைக்கென ஒதுக்கியது.

சட்டத்தினும் ஒருபடி முன்சென்றனர் வணிகர் சிலர். எவரும் கட்டாயப்படுத்தாமலே, தம் ஊர்க்கடைகளிற் சிகரெற் விற்பதில்லையென நாட்டின் பல இடங்களில் அவர்கள் ஒன்றுகூடி முடிவு செய்தனர். 2019 ஆம் ஆண்டில் சுகாதார அமைச்சு வெளியிட்ட கணக்கின்படி அத்தகைய நகரங்கள் 107. அவற்றுள் யாழ்ப்பாணத்துக்குரியவை 22. எம்மாவட்டத்தினும் மிகுந்த தொகை இதுவேயாம். இலாபம் தரும் ஒரு பண்டத்தைக் கடைக்காரர் தாமே விலக்குதல் அரிய செயல். புகையிலையால் வளர்ந்த ஒரு நாடே அதனை விலக்குவதில் முன்னிற்றல் அதனினும் அரிதாம்.

இந்நிலையிலேதான் புகையிலை வேறொரு வடிவங் கொண்டு வருகின்றது. இலையின்றி, நெருப்பின்றி, சாம்பலின்றி நிக்கொற்றினை ஊட்டும் கருவியே மின்சிகரெற். அமெரிக்கரான ஏர்பேர்ட் கில்பேர்ட் என்பார் 1963 இல் இத்தகைய கருவியொன்றுக்கு உரிமைப் பத்திரம் கோரி 1965 இற் பெற்றார். ஆயின் அஃது அக்காலத்தில் விலைப்படவில்லை. 2003 ஆம் ஆண்டிற் சீன தேசத்து மருந்தாளர் ஒன் லிக் என்பார் இன்று வழங்கும் கருவியின் முன்னோடியை ஆக்கினார். புகைக்கும் பழக்கமுடைய அவர் அப்பழக்கத்தை விடும் வழியாகவே அதனைக் கண்டார் என்பது நினைவிற் கொள்ளத்தக்கது.

அதன் அமைப்பு எளிது. ஒரு மின்கலம், ஒரு சிறு உலோகச் சுருள், ஒரு திரவம் ஆகிய மூன்றே உறுப்புக்கள். திரவத்தில் புரோப்பிலீன் கிளைக்கோல், கிளிசரின், நறுமணச் சரக்குகள், பெரும்பாலும் நிக்கொற்றின் ஆகியன உள. உறிஞ்சுமிடத்துச் சுருள் சூடேறித் திரவம் நுண்துளிகளாகி வாயினுட் செல்கின்றது. பார்ப்பவர் அதனைப் புகையென்பர். புகையுமன்று, தூய நீராவியுமன்று. சுருள் மிகச் சூடாகுமிடத்துப் போமல்டிகைட்டுப் போன்ற நச்சுப் பொருள்கள் பிறக்கின்றன. நிக்கல், குரோமியம், ஈயம் ஆகியனவும் சிற்றளவிற் கலக்கக்கூடும். பழைய சிகரெற்றிலுள்ள நிக்கொற்றின் தொண்டையைக் கரகரப்பித்துப் புதியவரைத் தடுக்கும். பென்சோயிக் அமிலத்துடன் சேர்த்து நிக்கொற்றின் உப்பாக்கப்படும்போது அக்கரகரப்புத் தணிந்து, மிகுந்த அளவும் இனிதாக உள்ளே செல்லும். இயற்கை வைத்த காவலைக் கைவினை அகற்றியது என்று இதனைக் கூறலாம்.

இக்கருவியைக் குறித்து வைத்தியர்களிடையே இரு கட்சிகள் உள. இரண்டும் நேர்மையான கட்சிகளே. முதற் கட்சியார் கூறுவது: புகைப்பவரைக் கொல்வது புகையாதலின், புகையின்றி நிக்கொற்றின் பெறுவார்க்குத் தீமை குறையும், பழக்கத்தை முற்றாக விட இயலாத முதியோர்க்கு இஃது ஒரு படிக்கட்டாம். இங்கிலாந்தின் பொதுச் சுகாதாரத் துறை 2015 இல் மின்சிகரெற் புகைத்தலினும் 95 வீதம் தீங்கு குறைந்ததென அறிவித்தது. புகைத்தலை விடுவதற்கு நிக்கொற்றின் ஒட்டுத்துண்டோ மெல்லும் பசையோ கைக்கொண்ட நூற்றுவருள் ஏறக்குறைய அறுவர் வெற்றிபெற, மின்சிகரெற்றைக் கைக்கொண்டாருள் எண்மரோ அதற்குச் சற்று மேலோ வெற்றி பெறுவர் எனக் கொக்கிரேன் ஆய்வுத் தொகுப்புக்கள் காட்டுகின்றன.

மறுகட்சியார் கூறுவது: 95 வீதம் என்பது அளந்து கண்ட கணக்கன்று, சிறு நிபுணர் குழுவொன்றின் மதிப்பீடு. சிகரெற்றின் தீமை முழுவதும் வெளிப்பட அரை நூற்றாண்டு சென்றது. இருபதாண்டே கண்ட கருவியின் முடிவை இன்றே உரைத்தல் எவ்வாறு? அன்றியும், புகைப்பவர்க்கென ஆக்கப்பட்ட மருந்தைப் புகைக்காதவரே மிகுதியாக வாங்குவாராயின் அதனை மருந்தென்றல் பொருந்துமா?

இவ்விறுதி வினாவிலேதான் இளைஞர் நிலை தோன்றுகின்றது. அமெரிக்க ஐக்கிய நாடுகளின் உயர்தரப் பாடசாலை மாணவருள் மின்சிகரெற் பயன்படுத்தினோர் 2011 இல் 1.5 வீதத்தினர், 2019 இல் 27.5 வீதத்தினர். மாம்பழம், புதினா, இனிப்புப் பண்டம் முதலிய சுவைகளும், எழுதுகோலையோ கணினிக் கருவியையோ ஒத்த வடிவமும் அவர்களை ஈர்த்தன. அவருட் பலர் அதற்கு முன் சிகரெற்றைத் தொட்டறியாதவர். 2019 இலும் 2020 இன் தொடக்கத்திலும் அந்நாட்டில் 2,807 பேர் கடும் நுரையீரல் நோயால் வைத்தியசாலைகளிற் சேர்க்கப்பட்டனர். 68 பேர் இறந்தனர். இந்நோய்க்கு முதன்மைக் காரணம் சாதாரண நிக்கொற்றின் திரவமன்று. கஞ்சாச் சத்துக் கலந்த கள்ளச் சரக்கிற் சேர்க்கப்பட்ட வைற்றமின் ஈ அசற்றேற்று என்னும் எண்ணெய்ப் பொருளென்பது பின்னர்த் தெளிவாயிற்று. அவ்வுண்மையை மறைத்து எல்லாக் கருவியும் உடனே கொல்லும் என்று மாணவரை அச்சுறுத்துதல் நன்றன்று. ஒருமுறை பொய்யுரைத்த ஆசிரியரின் மெய்யுரையையும் மாணவர் நம்பார். ஆயினும் அந்நிகழ்ச்சி புகட்டும் பாடம் ஒன்றுண்டு: உள்ளே என்ன ஊற்றப்பட்டதென்பதை வெளியிலிருந்து அறிய இயலாத கருவி இஃது.

மனித மூளை ஏறக்குறைய 25 வயதுவரை வளர்ந்து அமைகின்றது. கவனம், பொறுமை, தன்னடக்கம் ஆகியவற்றை ஆளும் முன்மூளைப் பகுதியே இறுதியில் முதிர்வது. அப்பருவத்தில் நிக்கொற்றின் புகுமாயின் பழக்கம் விரைந்து வேரூன்றும். கற்றலுக்கும் கவனத்துக்கும் ஊறு நேரும். நாற்பது வயதினர் ஒருவர் சிகரெற்றை விட்டு மின்சிகரெற்றுக்கு மாறுதலும், பதினைந்து வயதினர் ஒருவர் யாதுமின்றி இருந்து அதற்கு மாறுதலும் ஒன்றல்ல. முன்னவர் பெருந்தீமையிலிருந்து சிறுதீமைக்கு இறங்குகின்றார். பின்னவர் தீமையே இல்லாத நிலையிலிருந்து தீமைக்குள் நுழைகின்றார். இரு கட்சியாரும் வாதிடும்போது அவரவர் மனக்கண்ணில் நிற்கும் மனிதர் வெவ்வேறு வயதினர் என்பதை உணர்ந்தால் பிணக்கின் பெரும்பகுதி தீரும்.

நாடுகள் இதற்குக் கண்ட தீர்வுகளும் பலதிறத்தன. இந்தியா 2019 செப்டம்பரில் அவசரச் சட்டத்தாலும் அவ்வாண்டு இறுதியிற் பாராளுமன்றச் சட்டத்தாலும் மின்சிகரெற்றின் உற்பத்தி, இறக்குமதி, விற்பனை, விளம்பரம் அனைத்தையும் தடைசெய்தது. தமிழ்நாடு அதற்கு ஓராண்டு முன்னரே தடைவிதித்திருந்தது. சிங்கப்பூரில் 2018 பெப்புருவரி முதல் அதனை வைத்திருத்தலும் குற்றமாம். பிரித்தானியா முதியோர்க்கு அதனை அனுமதித்துப் பதினெட்டு வயதுக்குக் குறைந்தோர்க்கு மறுத்தது. அவ்வயதெல்லையும் போதாமையின், மாணவர் மிகுதியாக நாடிய, ஒருமுறை பயன்படுத்தி எறியும் வகையை 2025 யூன் முதலாந் திகதி தடைசெய்தது. அவுஸ்திரேலியாவில் 2024 யூலை முதல் மருந்தகங்களில் மட்டுமே அதனை விற்கலாம். அமெரிக்காவில் வயதெல்லை 2019 இறுதியில் 21 ஆக உயர்ந்தது. சுவைகளுக்கும் கட்டுப்பாடு வந்தது. 2024 இல் உயர்தர மாணவரிடையே பயன்பாடு 7.8 வீதமாகத் தாழ்ந்தது. முற்றிய தீமையும் முயற்சியாற் குறையும் என்பதற்கு இஃது எடுத்துக்காட்டு.

இலங்கையில் 2016 செப்டம்பர் வர்த்தமானி ஒழுங்குவிதிகள், புகையற்ற புகையிலைப் பொருள்களோடும் சுவையூட்டிய சிகரெற்றுக்களோடும், புகையிலை அடங்கிய மின்சிகரெற்றுக்களின் உற்பத்தியையும் இறக்குமதியையும் விற்பனையையும் தடைசெய்தன. ‘புகையிலை அடங்கிய’ என்னும் தொடர் ஆழ்ந்து நோக்கத்தக்கது. மின்சிகரெற்றுத் திரவத்தில் இலை இல்லை. இலையினின்று வடித்த நிக்கொற்றினே உண்டு. ஆய்வுகூடத்தில் ஆக்கப்பட்ட நிக்கொற்றினும் இன்று கிடைக்கின்றது. அதனையும் புகையிலையெனக் கொள்ளலாமோ என்று வணிகர் வினவுவாராயின், சட்டத்தின் நோக்கம் தெளிவாயினும் சொல் இடறும். நிக்கொற்றினையே பெயர் சுட்டித் தடுக்கும் சொல்லமைப்பு இதற்கு மருந்தாம்.

சொல்லினும் பெரிய இடர்ப்பாடு ஒன்றுண்டு. மின்சிகரெற் தடைசெய்யப்பட்டிருக்க, அதனினும் கொடிய சிகரெற் கடையில் விற்கப்படுகின்றது. பெருந்தீயை விட்டுச் சிறுதீயை அணைப்பதோ என முதற் கட்சியார் வினவுவது நியாயமே. அதற்கு விடை இதுவாம்: முன்னரே வேரூன்றிய தீமையைப் படிப்படியாகவன்றிக் களைதல் இயலாது, இன்னும் வேரூன்றாத தீமையை வாசலிலேயே தடுத்தல் இயலும். இலங்கையிற் பெண்கள் புகைப்பது மிக அரிது. பாடசாலைப் பிள்ளைகளிற் பெரும்பாலோர் நிக்கொற்றினை அறியாதவர். இந்நற்பேற்றை இழந்தபின் மீட்டல் கடினம். ஆயின் அவ்விடை நிலைபெறுதற்கு ஒரு நிபந்தனை உண்டு. சிகரெற்றின் மீதான வரியும், வயதெல்லையும், பொது இடத்தடையும் ஏட்டளவில் நில்லாது நடைபெறல் வேண்டும். புகைத்தலை விட விரும்பும் முதியோர்க்கு வைத்தியசாலைகளில் ஆலோசனையும் மருந்தும் எளிதிற் கிடைத்தல் வேண்டும். இவையின்றேல், வழியையும் அடைத்து மாற்றுவழியையும் அடைத்த குறை நாட்டைச் சாரும்.

குடாநாட்டுக்கு உரிய கடமைகள் வேறும் உள. உறவினர் பலர் இலண்டனிலும் ரொறன்ரோவிலும் சிட்னியிலும் வாழ்கின்றனர். அங்கு முதியோர்க்கு உரிமையான பண்டம் விடுமுறைக்கு வருவாரின் பையில் இங்கு வந்திறங்குதல் எளிது. சுங்கக் காவலினும் குடும்பக் காவலே இவ்விடத்துப் பயன்படும். ‘மாமா கொண்டுவந்த பரிசு’ என்னும் பெயரால் நஞ்சு வீட்டினுட் புகாதவாறு காத்தல் பெற்றோர் கையிலுள்ளது.

விளைவிப்போரின் நிலையும் கருதப்படுதல் வேண்டும். 2020 ஆம் ஆண்டளவிற் புகையிலைப் பயிர்ச்செய்கையை நிறுத்தும் எண்ணத்தை அரசு முன்னர் வெளியிட்டது. அது நடைமுறைக்கு வரவில்லை. யாழ்ப்பாணப் புகையிலை சிகரெற்றுக்குரியதன்று; சுருட்டுக்கும் வாய்ப்புகையிலைக்குமே செல்வது. அதனால் அது தீதற்றதாகிவிடாது. ஆயினும், ஒரே போகத்திற் கடன் தீர்க்கும் பயிரைக் கைவிடுமாறு கமக்காரரிடம் கூறுவோர், அதற்கு ஈடான விலையும் சந்தையும் தரும் பயிரையும் காட்டுதல் வேண்டும். வெங்காயமும் மிளகாயும் உருளைக்கிழங்கும் இம்மண்ணில் விளைவனவே; விளைந்தபின் விலை வீழ்ந்துவிடும் என்பதே கமக்காரர் அச்சம். அவ்வச்சத்தை நீக்காத அறிவுரை செவியேறாது.

ஆசிரியர்க்கும் மாணவர்க்கும் எஞ்சி நிற்பது அறிவைப் பரப்பும் பணி. நிக்கொற்றின் எவ்வாறு மூளையைப் பிணிக்கின்றது என்பதை உயிரியல் வகுப்பிலும், நுண்துளி எவ்வாறு பிறக்கின்றது என்பதை இரசாயன வகுப்பிலும், ஒரு கம்பனி ஏன் பதினைந்து வயதினரை நாடுகின்றது என்பதைப் பொருளியல் வகுப்பிலும் கற்பிக்கலாம். முதற் கேள்விக்கு விடை அறிந்த மாணவர் மூன்றாவதற்கு விடையைத் தாமே காண்பர்: இளமையிற் பிணிக்கப்பட்டவரே நெடுங்காலம் வாங்குபவராவர். முன்னோர் செடியைக் காக்கும் நஞ்சை அறிந்து அதனைப் பூச்சிக்குத் தெளித்தனர். அதே நஞ்சு மாம்பழச் சுவையோடு வருமிடத்து அதனை இன்னதென அறிந்து விலக்குதல், கல்வி பெற்ற தலைமுறைக்கு இயலாத செயலன்று.